‘ஜஸ்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லும் நம்முடைய ‘தான்’ என்பதும்

சில ஆண்டுகளுக்கு முன்னர், திருகோணமலை நகரத்துக்கு அண்மையிலுள்ள ஒரு பாடசாலைக்கு வெளிநாட்டு விருந்தினர் சிலர் வந்திருந்தார்கள். அவர்களை வரவேற்கும் பொறுப்பு தரம் 10 மாணவி ஒருத்தியிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. மாலை அணிவித்து முடிந்ததும் அவள் தன் அதிபரைச் சுட்டி, "ஹி இஸ் ஜஸ்ட் அவர் பிரின்சிபல்" என்று தெளிவான குரலில் சொன்னாள். "இவர்தான் எங்கள் அதிபர்" என்பதே அவள் மனத்தில் இருந்த வசனம். விருந்தினர் காதில் விழுந்ததோ, "இவர் வெறும் அதிபர், அவ்வளவுதான்" என்பதற்கு நெருங்கிய ஒன்று. அவர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் அதிபருடன் கைகுலுக்கினார்கள். ஆனால் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, அந்த ஒரு சொல்லைச் சரியாக விளக்கி ஒரு கட்டுரை எழுதவேண்டும் என்ற எண்ணம் அன்றுதான் உண்டாயிற்று.

அந்த மாணவியின் வசனத்தில் இலக்கணப் பிழை ஏதும் இல்லை. எழுவாய் சரி, பயனிலை சரி, உச்சரிப்பும் நன்றாகவே இருந்தது. தமிழில் ‘தான்’ வரும் இடமெல்லாம் ஆங்கிலத்தில் ‘ஜஸ்ட்’ வரும் என்று யாரோ அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். அல்லது நாலைந்து உதாரணங்களைப் பார்த்து அவளே அப்படி ஒரு முடிவுக்கு வந்திருக்க வேண்டும். அந்த முடிவுக்கு வருவது இயல்பே. "இப்போதுதான் வந்தேன்" என்பதை ஆங்கிலத்தில் சொல்ல ‘ஜஸ்ட்’ வேண்டும்; "இரண்டு பேர்தான் வந்தார்கள்" என்பதற்கும் அதே சொல் பொருந்தும். இரண்டு இடங்களில் பொருந்திய திறப்பு மூன்றாவது பூட்டையும் திறக்கும் என்று நினைப்பது மனித இயல்பு. மாலை வேளைகளில் பாடசாலைப் படிப்பை முடித்த இளையோருக்கு ஆங்கிலம் கற்பித்துவரும் எனக்கு, இந்த மூன்றாவது பூட்டில் சிக்கி நிற்பவர்களைக் காணாத கிழமை இல்லை.

ஆங்கில வசனங்களை இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன். அவற்றை வாய்விட்டுப் படிப்பது நல்லது. ஏனென்றால் ‘ஜஸ்ட்’ என்பது கண்ணால் கற்பதற்கு முன் காதால் கற்கவேண்டிய சொல். அதன் உயிரொலி மிகக் குறுகியது. ‘ஜஸ்ட்டு’ என்று இறுதியில் உகரம் சேர்ப்பதை நாம் விடவேண்டும். அடுத்த சொல் மெய்யொலியில் தொடங்கினால், ஆங்கிலேயர் பேச்சில் கடைசி ‘ட்’ பெரும்பாலும் மறைந்துவிடும்: ‘ஜஸ்ட் நவ்’ என்பது ‘ஜஸ்நவ்’ போலக் கேட்கும். அடுத்த சொல் உயிரொலியில் தொடங்கினால் ‘ட்’ அதனுடன் ஒட்டிக்கொள்ளும்: ‘ஜஸ்ட் அ மினிட்’ என்பது ‘ஜஸ்ட மினிட்’ ஆகும். வெளிநாட்டவர் வேகமாகப் பேசும்போது இந்தச் சொல் நம் காதில் விழாமல் போவதற்கு இதுவே காரணம். எழுதினால் நான்கு எழுத்து. பேசினால் ஒரு மூச்சு.

சொல்லின் வேரைத் தெரிந்துகொண்டால் பாதிப் பாரம் குறையும். ‘ஜஸ்ட்’ என்பதற்கு ‘நீதியான’, ‘நியாயமான’ என்ற பெயரடைப் பொருளும் உண்டு. நம் ஊரில் பத்திரங்களில் கையொப்பமிடுபவரை சமாதான நீதவான் என்கிறோமே, அந்த ஆங்கிலப் பதவிப் பெயரில் வரும் ‘ஜஸ்டிஸ்’ என்பதும் இதே குடும்பத்துச் சொல்தான். லத்தீன் மொழியில் சட்டத்தையும் உரிமையையும் குறித்த ஒரு சொல்லிலிருந்து பிறந்து, பிரெஞ்சு வழியாக 14ஆம் நூற்றாண்டளவில் ஆங்கிலத்துக்குள் வந்த இது, முதலில் ‘நேர்மையான’, ‘முறையான’ என்று பொருள்பட்டது. நேர்மையானது எது? கூடாமலும் குறையாமலும் சரியாக நிற்பது. ஆகவே 1400ஆம் ஆண்டளவில் அது வினையடையாகி, ‘மிகச் சரியாக’ என்ற பொருளைப் பெற்றது. அதற்கு ஏறக்குறைய 250 ஆண்டுகளுக்குப் பிறகு, 17ஆம் நூற்றாண்டில், ‘அவ்வளவு மட்டுமே’ என்ற பொருள் அதனுடன் சேர்ந்துகொண்டது. தமிழருக்கு இந்தப் பாதை புதிதன்று. ‘நேர்மை’ என்ற பண்பும், ‘நேராக’ என்ற திசையும், ‘நேரே’ என்ற வினையடையும் நம்மிடம் ஒரே வேரில் கிளைத்திருக்கின்றன. வளையாத கோலைச் செங்கோல் என்று அழைத்து அதையே நல்லாட்சிக்கும் பெயராக்கியவர்கள் நாம்.

எனவே ‘ஜஸ்ட்’ என்ற சொல்லின் நடுவில் இருப்பது ஒரு தராசு. ‘இதற்கு மேலும் இல்லை, இதற்குக் கீழும் இல்லை’ என்பதே அதன் உள்ளே இருக்கும் கருத்து. இனி வரும் எல்லாப் பயன்பாடுகளும் இந்த ஒரு கருத்திலிருந்து பிரிந்தவையே. ‘மேலே இல்லை’ என்ற பக்கத்தை அழுத்தினால் ‘மட்டும்’ என்ற பொருள் வரும். ‘கீழே இல்லை’ என்ற பக்கத்தை அழுத்தினால் ‘மயிரிழையில் தப்பியது’ என்ற பொருள் வரும். முள் நடுவில் நின்றால் ‘மிகச் சரியாக’ என்ற பொருள் வரும்.

முள் நடுவில் நிற்கும் பயன்பாட்டை முதலில் பார்ப்போம். கறியில் உப்பு அளவாக இருந்தால், "த ஸோல்ட் இஸ் ஜஸ்ட் ரைட்" என்பார்கள். பிள்ளை தாயை உரித்து வைத்தது போல இருந்தால், "ஷி இஸ் ஜஸ்ட் லைக் ஹெர் மதர்." நாம் தேடிக்கொண்டிருந்த பொருளே கைக்கு வந்தால், "திஸ் இஸ் ஜஸ்ட் வொட் ஐ நீட்." இந்த இடங்களில் தமிழ் பயன்படுத்துவது பெரும்பாலும் ஏகாரம்: தாயைப் போலவே, இதுவே, அப்படியே. பாடசாலையில் தேற்றேகாரம் என்றும் பிரிநிலை ஏகாரம் என்றும் படித்தது நினைவிருக்கும். உறுதிப்படுத்துவது ஒன்று, பலவற்றிலிருந்து ஒன்றைப் பிரித்துக் காட்டுவது மற்றொன்று. ஆங்கிலேயர் ‘ஜஸ்ட்’ என்ற சொல்லுக்குக் கொடுத்திருக்கும் வேலையில் பெரும்பகுதியை நாம் ஓர் உயிரெழுத்துக்குக் கொடுத்திருக்கிறோம். அந்த எழுத்து சொல்லின் பின்னால் ஒட்டிக்கொள்கிறது. ‘ஜஸ்ட்’ முன்னால் நிற்கிறது. இந்த முன்-பின் வேறுபாட்டை மறந்து "லைக் ஹெர் மதர் ஜஸ்ட்" என்று சொல்லிவிடக்கூடாது.

கன்னியா வெந்நீரூற்றுக்குச் சென்றவர்கள் இதை ஓர் அனுபவமாகவே நினைவுகூரலாம். அங்குள்ள 7 கிணறுகளிலும் நீரின் சூடு ஒரே அளவாக இருப்பதில்லை. வாளியால் முகந்து ஊற்றும்போது உடலுக்கு இதமாக இருந்தால் "ஜஸ்ட் ரைட்" என்று சொல்லவேண்டும். "ஜஸ்ட் வோர்ம்" என்று சொன்னால் பொருள் மாறிவிடும்: கொதிக்கும் என்று எதிர்பார்த்தேன், வெதுவெதுப்பாக மட்டுமே இருக்கிறது என்ற ஏமாற்றம் அதில் தொனிக்கும். பின்னால் வரும் சொல் அளவின் நிறைவைக் குறித்தால் ‘ஜஸ்ட்’ மெச்சும். அளவின் ஒரு படியைக் குறித்தால் பெரும்பாலும் குறைத்துக் காட்டும்.

எண்ணுக்கும் இடத்துக்கும் முன்னால் வரும்போது இச்சொல் ‘சற்று’ என்ற பொருளைத் தருகிறது. 2009ஆம் ஆண்டு திறக்கப்பட்ட கிண்ணியாப் பாலம் 396 மீற்றர் நீளமானது. இதை, "ஜஸ்ட் அண்டர் ஃபோர் ஹண்ட்ரட் மீட்டர்ஸ்" என்று சொன்னால், 400இற்குச் சற்றுக் குறைவு என்பது உடனே விளங்கும். 400ஐச் சற்றுத் தாண்டியிருந்தால் ‘ஜஸ்ட் ஓவர்’. இடத்துக்கும் இதே முறைதான். பிரெட்ரிக் கோட்டையின் வாசலைக் கடந்து உள்ளே நுழைந்த சற்று நேரத்தில் மான்களைக் காணலாம் என்று ஒரு பயணிக்குச் சொல்லவேண்டுமா? "யு வில் ஸீ த டியர் ஜஸ்ட் இன்ஸைட் த கேட்" என்று சொன்னால் போதும். நிலாவெளிக் கரைக்கு எதிரே கிடக்கும் புறாத்தீவு "ஜஸ்ட் ஓஃப் த கோஸ்ட்" இருக்கிறது. வழி சொல்வதற்கு இவ்வளவு பயன்படும் சொல் வேறொன்று இல்லை என்றே நான் நினைக்கிறேன். முச்சக்கர வண்டி ஓட்டுபவர்களுக்குக் கற்பிக்கும்போது நான் முதலில் கற்பிப்பது ‘ஜஸ்ட் பிஃபோர்’, ‘ஜஸ்ட் ஆஃப்டர்’, ‘ஜஸ்ட் பிஹைண்ட்’ என்ற மூன்றையுமே.

காலத்தைக் குறிக்கும் பயன்பாடுதான் நம்மவர் அதிகம் கேட்பதும் அதிகம் பிழைவிடுவதும். "இப்பதான் வந்தனான்" என்று நாம் வீட்டில் சொல்வதை ஆங்கிலத்தில், "ஐ ஹேவ் ஜஸ்ட் கம்" என்றோ "ஐ ஹேவ் ஜஸ்ட் அரைவ்ட்" என்றோ சொல்லவேண்டும். ‘ஹேவ்’ அல்லது ‘ஹேஸ்’ என்ற துணைவினை, அதன் பின் ‘ஜஸ்ட்’, அதன் பின் வினையின் மூன்றாவது வடிவம். "த டிரெயின் ஹேஸ் ஜஸ்ட் லெஃப்ட்" என்றால், புகையிரதம் இப்போதுதான் புறப்பட்டது. தண்டவாளத்தில் அதன் ஓசை இன்னும் அடங்கியிருக்காது. கடந்த காலத்தில் நடந்த இன்னொரு நிகழ்ச்சியோடு இணைத்துச் சொல்லும்போது ‘ஹேட்’ வரும். மூதூருக்குப் போகும் படகைப் பிடிக்க இறங்குதுறைக்கு ஓடிச்சென்று, அது புறப்பட்டுவிட்டதைக் கண்டவர், "த ஃபெரி ஹேட் ஜஸ்ட் லெஃப்ட் வென் வி ரீச்ட் த ஜெட்டி" என்று பிறகு சொல்லுவார். நாங்கள் போய்ச் சேர்ந்தது ஒரு நிகழ்ச்சி. அதற்குச் சற்று முன் படகு புறப்பட்டது இன்னொரு நிகழ்ச்சி. ‘ஜஸ்ட்’ அந்த இரண்டுக்கும் இடையிலுள்ள இடைவெளி மிகச் சிறியது என்று காட்டுகிறது.

அமெரிக்கர்கள் இதே கருத்தைத் துணைவினை இல்லாமல், "ஐ ஜஸ்ட் அரைவ்ட்" என்று சாதாரண இறந்தகாலத்தில் சொல்லுவார்கள். அதுவும் பிழையன்று. இலங்கைப் பாடசாலைகளில் நாம் கற்பது பிரித்தானிய மரபு என்பதால், பரீட்சையில் எழுதும்போது ‘ஹேவ்’ சேர்த்து எழுதுவதே பாதுகாப்பானது. ஆனால் இரண்டு மரபுகளிலும் ஒத்துக்கொள்ளப்படாத ஒரு பிழை உண்டு: ‘ஹேவ்’ போட்ட வசனத்தில் நேரத்தையும் நாளையும் குறிப்பிடுவது. "ஐ ஹேவ் ஜஸ்ட் கம் யெஸ்டர்டே" என்பது நிற்காது. நேற்று என்ற நாள் முடிந்துவிட்டது. ‘ஹேவ்’ என்பதோ நிகழ்காலத்தோடு கட்டப்பட்ட கயிறு. நேற்றுத்தான் வந்தேன் என்று சொல்லவேண்டுமாயின், "ஐ கேம் ஒன்லி யெஸ்டர்டே" அல்லது "ஐ கேம் ஜஸ்ட் யெஸ்டர்டே" என்று சாதாரண இறந்தகாலத்துக்கு மாறவேண்டும்.

‘ஜஸ்ட் நவ்’ என்ற தொடருக்கும் இதே கவனம் தேவை. சற்று முன்னர் என்ற பொருளில் அது வந்தால், "ஐ ஸோ ஹிம் ஜஸ்ட் நவ்" என்று இறந்தகாலத்தோடு சேரும். இப்பொழுது என்ற பொருளில் வந்தால், "ஐ அம் பிஸி ஜஸ்ட் நவ்" என்று நிகழ்காலத்தோடு சேரும். தென்னாப்பிரிக்கர்களோ இதே தொடரை ‘இன்னும் கொஞ்ச நேரத்தில்’ என்ற பொருளில் வழங்குகிறார்கள். உப்புவெளியில் ஒரு விடுதியில் வேலை செய்பவர், தென்னாப்பிரிக்கப் பயணி ஒருவர் "ஐ வில் பே ஜஸ்ட் நவ்" என்று சொன்னதும் பற்றுச்சீட்டைக் கையில் ஏந்தி அருகிலேயே நிற்கவேண்டியதில்லை. பிறகு தருகிறேன் என்பதே அவர் சொன்னது.

இனி நடக்கப்போவதற்கும் இச்சொல் உதவும். அம்மா சாப்பிடக் கூப்பிடும்போது "இந்தா வாறன்" என்று உள்ளிருந்து குரல் கொடுக்கிறோமே, அது "ஐ அம் ஜஸ்ட் கமிங்." நாம் தொலைபேசியை எடுக்கும் அதே நொடியில் நண்பரே அழைத்துவிட்டால், "ஐ வொஸ் ஜஸ்ட் அபவுட் டு கோல் யு." உங்களுக்கு அழைப்பு எடுக்கத்தான் இருந்தேன், அதற்குள் நீங்களே எடுத்துவிட்டீர்கள் என்று பொருள்.

அடுத்து, மயிரிழை. வாகன விபத்தொன்றில் ஒருவர் அருந்தப்பில் உயிர் தப்பினார் என்று நம் பத்திரிகைகள் எழுதும்போது, அந்த ‘அருந்தப்பில்’ என்ற அழகான சொல்லுக்கு ஈடு ‘ஜஸ்ட்’ அல்லது ‘ஒன்லி ஜஸ்ட்’. பஸ் புறப்படும் வேளையில் ஓடிப்போய்த் தொற்றிக்கொண்டால், "ஐ ஜஸ்ட் கோட் த பஸ்." க.பொ.த. சாதாரண தரத்தில் ஒரு பாடத்தில் சாதாரண சித்தி பெறுவதற்கு 35 புள்ளிகள் வேண்டும். மிகச் சரியாக 35 எடுத்தவளைப் பற்றி, "ஷி ஜஸ்ட் பாஸ்ட்" என்பார்கள். ஆனால் இந்த வசனத்துக்கு ‘இப்போதுதான் சித்தியடைந்தாள்’ என்ற பொருளும் இருக்கிறது. 90 புள்ளி எடுத்த பிள்ளையின் பெற்றோரிடம் இதைச் சொன்னால் மனம் நோகும். ஐயத்தைத் தவிர்க்க வழி உண்டு. மயிரிழையில் என்றால் "ஒன்லி ஜஸ்ட் பாஸ்ட்", இப்போதுதான் என்றால் "ஹேஸ் ஜஸ்ட் பாஸ்ட்." தமிழ் இளைஞர்கள் ‘ஜஸ்ட் மிஸ்’ என்று சொல்லுவது தமிழுக்குள் வந்துவிட்ட வழக்கு, ஆங்கிலம் பேசும்போது அதை "ஐ ஜஸ்ட் மிஸ்ட் இட்" என்று முழு வசனமாகச் சொன்னால் நன்று.

இப்போது அந்த மாணவியின் வசனத்துக்கு வருகிறேன். ‘மட்டும்’, ‘வெறும்’ என்ற பொருளில் ‘ஜஸ்ட்’ வரும்போது, அது ஓர் எல்லைக்கோடு போடுகிறது: இதற்கு மேல் எதுவும் இல்லை. "ஜஸ்ட் டூ டிக்கெட்ஸ்" என்றால் இரண்டு மட்டும். "ஜஸ்ட் வோட்டர், ப்ளீஸ்" என்றால் வேறு பானம் வேண்டாம், தண்ணீர் போதும். எண்ணிக்கைக்கும் பொருளுக்கும் முன்னால் இது யாரையும் புண்படுத்தாது. ஆனால் மனிதருக்கோ பதவிக்கோ முன்னால் வந்தால், அதே எல்லைக்கோடு அவரைச் சிறியவராக்கிவிடும். தமிழ்த் ‘தான்’ இதற்கு நேர்மாறான வேலையையும் செய்யவல்லது. "இரண்டு பேர்தான்" என்னும்போது அது குறைக்கிறது. "இவர்தான் எங்கள் அதிபர்" என்னும்போது கூட்டத்தில் ஒருவரைத் தேர்ந்து, விரல் நீட்டி, உயர்த்திக் காட்டுகிறது. குறைக்கும் ‘தான்’ மட்டுமே ‘ஜஸ்ட்’ ஆகும். தேர்ந்து காட்டும் ‘தான்’ ஒருபோதும் ‘ஜஸ்ட்’ ஆகாது.

தேர்ந்து காட்டும் ‘தான்’ என்பதை ஆங்கிலேயர் எப்படிச் சொல்கிறார்கள்? பெரும்பாலும் ஒரு சொல்லும் சேர்க்காமல், குரலின் அழுத்தத்தால் மட்டுமே சொல்கிறார்கள். "திஸ் இஸ் அவர் பிரின்சிபல்" என்று ‘திஸ்’ என்பதைச் சற்று ஓங்கிச் சொன்னால் "இவர்தான்" என்பது வந்துவிடும். எழுத்தில் வேண்டுமாயின், "ஹி இஸ் த வன் ஹூ..." என்று வசனத்தை விரிக்கலாம். "நான்தான் செய்தேன்" என்பதை "ஐ ஜஸ்ட் டிட் இட்" என்று மொழிபெயர்த்தால், ‘இப்போதுதான் செய்தேன்’ என்றோ ‘யோசிக்காமல் செய்துவிட்டேன்’ என்றோ பொருள் வரும். பொறுப்பை ஏற்றுக்கொள்ளும் அந்த நேர்மை வசனத்திலிருந்து கழன்றுவிடும். "ஐ டிட் இட்" என்று ‘ஐ’ என்பதை அழுத்தினால் போதும்.

இதோடு சேர்த்து ஒரு விடயத்தை வருத்தத்தோடு சொல்லவேண்டும். நேர்முகப் பரீட்சைக்குப் பயிற்சி எடுக்க வரும் பிள்ளைகள் தங்களை அறிமுகப்படுத்தும்போது, "ஐ அம் ஜஸ்ட் அ ஸ்கூல் லீவர்" என்கிறார்கள். தந்தையின் தொழிலைக் கேட்டால், "ஹி இஸ் ஜஸ்ட் அ ஃபிஷர்மன்" என்கிறார்கள். தாயைக் கேட்டால், "ஷி இஸ் ஜஸ்ட் அ ஹவுஸ்வைஃப்." பணிவு என்று நினைத்தே சொல்கிறார்கள். ஆனால் கேட்பவர் காதில் அது பணிவாக விழுவதில்லை. சொல்பவரே தன் வீட்டைத் தாழ்த்துவதாக விழுகிறது. கொட்டியாரக் குடாவில் இரவு முழுவதும் வலை இழுத்துப் பிள்ளையைப் படிக்கவைத்த தகப்பனுக்கு முன்னால் இந்தச் சொல்லை வைக்க எந்தக் காரணமும் இல்லை. "மை ஃபாதர் இஸ் அ ஃபிஷர்மன்" என்று சொல்லி நிறுத்துங்கள். வசனம் முழுமையாகவே இருக்கும்.

‘சும்மா’ என்ற நம் சொல்லுக்கும் ‘ஜஸ்ட்’ என்பதற்கும் நெடுநாள் உறவு இருப்பதுபோலத் தோன்றும். கடைக்குள் நுழைந்த பயணியிடம் "என்ன வேண்டும்?" என்று கேட்டால், "ஜஸ்ட் லுக்கிங், தேங்க்ஸ்" என்று விடை வரும், சும்மா பார்க்கிறேன் என்பதுதான் அது. அவரைப் பின்தொடராமல் விட்டுவிடுவது நல்லது. பகிடிக்குச் சொன்னதை யாராவது உண்மை என்று எடுத்துக்கொண்டால், "ஐ வொஸ் ஜஸ்ட் ஜோக்கிங்" என்கிறோம், சும்மா சொன்னனான். "ஏன் கேட்கிறீர்கள்?" என்றால் "ஐ வொஸ் ஜஸ்ட் வொண்டரிங்", சும்மா கேட்டேன். இவ்வளவு தூரம் இரண்டும் கைகோத்து நடக்கின்றன. ஆனால் ‘சும்மா’ என்பது ‘ஜஸ்ட்’ போக முடியாத இடங்களுக்கும் போகும். "சும்மா தந்தார்" என்றால் பணம் வாங்காமல் தந்தார். அதற்கு ‘ஃப்ரீ’ வேண்டும். "சும்மா இரு" என்றால் பேசாமல், அசையாமல் இரு. "கீப் குவயட்" அல்லது "ஸிட் ஸ்டில்" என்று இடத்துக்கு ஏற்பச் சொல்லவேண்டும். சும்மா இருத்தலை ஒரு பெருநிலையாகக் கண்ட சமயமரபு நம்முடையது. அந்த ஆழத்தை இந்த ஆங்கிலச் சொல்லில் தேடவேண்டாம்.

வேண்டுகோளை மென்மையாக்கும் பயன்பாட்டுக்கு, நம் பேச்சு வழக்கில் ஒரு சொல் இருக்கிறது. "ஒருக்கா இதைப் பாருங்கோ," "ஒருக்கா பேனையைத் தாறீங்களோ?" என்கிறோம். ‘ஒருக்கா’ என்பது ‘ஒரு முறை’ என்று பொருள்படும் சொல்லானாலும், அங்கே யாரும் முறையை எண்ணுவதில்லை. உங்களுக்கு அதிகம் சிரமம் தரமாட்டேன் என்ற உறுதிமொழியே அது. "குட் யு ஜஸ்ட் ஸைன் ஹியர்?" என்பதில் வரும் ‘ஜஸ்ட்’ அதே ‘ஒருக்கா’தான். "ஜஸ்ட் அ மினிட்" என்றால் "ஒருக்கா பொறுங்கோ." இதைக் கண்டுகொண்ட நாளிலிருந்து என் வகுப்பில் இந்தப் பகுதிக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. ஒன்றை மட்டும் மறக்கவேண்டாம்: ‘குட் யு’ என்ற பணிவான தொடக்கம் இல்லாமல் ‘ஜஸ்ட்’ என்று ஏவலைத் தொடங்கினால், குரலைப் பொறுத்து அது பொறுமை இழந்தவரின் பேச்சாகிவிடும். "ஜஸ்ட் டெல் மி" என்பது, நெருங்கிய நண்பரிடம் "சொல்லன்" என்பதாக இருக்கலாம். அலுவலகத்தில் ஒரு மூத்தவரிடம் அது மரியாதைக் குறைவே.

வியப்பையும் ஆற்றாமையையும் அழுத்திக் கூறும் பயன்பாட்டை நீட்ட வேண்டியதில்லை. "ஐ ஜஸ்ட் டோன்ட் அண்டர்ஸ்டாண்ட்" என்றால் "எனக்கு விளங்கவே இல்லை." மீண்டும் நம் ஏகாரமே அங்கு வந்து நிற்கிறது. "எதற்கும் ஒரு குடையைக் கொண்டு போ" என்பதில் வரும் ‘எதற்கும்’ என்பதற்கு ‘ஜஸ்ட் இன் கேஸ்’ அப்படியே பொருந்தும்: "டேக் அன் அம்ப்ரெல்லா, ஜஸ்ட் இன் கேஸ்." மார்கழி மாதத்துத் திருகோணமலையில் இந்த வசனம் நாள்தோறும் பயன்படும்.

எஞ்சியிருப்பது, இச்சொல்லை வசனத்தில் எங்கே வைப்பது என்பது. ‘ஜஸ்ட்’ தனக்கு அடுத்து நிற்பதைத்தான் முதலில் தொடுகிறது. வைத்தியசாலையில் நோயாளியைப் பார்க்கப்போனவர் ஒருவர், "ஐ ஆஸ்க்ட் ஜஸ்ட் த டொக்டர் வன் குவெஸ்ஷன்" என்றால், டொக்டரிடம் மட்டும் கேட்டார், தாதியிடம் கேட்கவில்லை. "ஐ ஆஸ்க்ட் த டொக்டர் ஜஸ்ட் வன் குவெஸ்ஷன்" என்றால், கேட்டது ஒரே ஒரு கேள்வி. "ஐ ஜஸ்ட் ஆஸ்க்ட் த டொக்டர் வன் குவெஸ்ஷன்" என்றால், கேட்டதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை என்றோ, இப்போதுதான் கேட்டேன் என்றோ கொள்ளலாம். தமிழில் ‘மட்டும்’ என்பதை ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னாலும் நகர்த்திப் பார்த்தால் இதே மாற்றம் நிகழ்வதைக் காணலாம்.

எதிர்மறைச் சொல்லோடு சேரும்போதுதான் இடம் உயிர்நிலையாகிறது. ‘ஜஸ்ட்’ முன்னால் வந்து எதிர்மறை பின்னால் வந்தால் மறுப்பு வலுப்பெறும்: "இட் இஸ் ஜஸ்ட் நொட் ட்ரூ" என்றால், அது உண்மையே இல்லை. எதிர்மறை முன்னால் வந்தால், ‘ஜஸ்ட்’ போட்ட எல்லைக்கோட்டையே அது அழித்துவிடும்: "டோன்ட் ஜஸ்ட் ஸ்டாண்ட் தேர்" என்றால், சும்மா நின்றுகொண்டிராதே, வேறு ஏதாவது செய். ‘நொட் ஜஸ்ட்’ என்பது நம்முடைய ‘மட்டுமல்ல’. அது வந்துவிட்டால், வசனத்தின் அடுத்த பாதிக்காகக் கேட்பவர் காத்திருப்பார். பாடசாலை வாசலில் நின்ற அந்த மாணவிக்கு அந்த அடுத்த பாதியை நிரப்பச் செய்திக்குப் பஞ்சமில்லை. ஆசிரியர் பற்றாக்குறையால் அவளுடைய வகுப்புக்குக் கணிதம் கற்பித்தவரும் அந்த அதிபரே. ‘ஜஸ்ட்’ என்பதற்கு முன்னால் ஒரே ஒரு ‘நொட்’ சேர்ந்திருந்தால் அவள் சொல்லியிருக்கக்கூடியது இது: "ஹி இஸ் நொட் ஜஸ்ட் அவர் பிரின்சிபல், ஹி இஸ் அவர் மேத்ஸ் டீச்சர், டூ."